கடைசியாக மேலேறுபவர்

1989 நவம்பர் 13, விடிவதற்கு முன். மேற்கு வங்கத்தின் ராணிகஞ்ச் பகுதியில் மகாபீர் நிலக்கரிச் சுரங்கத்தில் இரவு ஷிப்ட் ஓடிக்கொண்டிருந்தது. கரியைப் பெயர்க்க வெடி வைத்தபோது, தண்ணீர் தேங்கிக் கிடந்த பழைய வேலைப்பகுதிக்கும் ஆட்கள் நின்றிருந்த பகுதிக்கும் நடுவே இருந்த தடுப்பு உடைந்துபோனது. உள்ளே இருந்தவர்கள் 232 பேர். 161 பேர் கூண்டு லிஃப்ட்டை எட்டிப் பிடித்து மேலே வந்துவிட்டார்கள். ஆறு பேரைத் தண்ணீர் கொண்டுபோனது. மீதி 65 பேர் சுரங்கத்தின் மேடான ஒரு பகுதிக்கு ஓடி ஒதுங்கினார்கள். வெளியே வரும் வழிகள் அத்தனையும் தண்ணீருக்குள் போய்விட்டன.

பம்புகள் இறைத்தன. ஆனால் இறைக்கிற வேகத்தைவிடத் தண்ணீர் ஏறுகிற வேகம் அதிகமாக இருந்தது. அப்போது ஈஸ்டர்ன் கோல்ஃபீல்ட்ஸ் நிறுவனத்தில் கூடுதல் தலைமைச் சுரங்கப் பொறியாளராக இருந்த ஜஸ்வந்த் சிங் கில் ஒரு யோசனை சொன்னார். ஆட்கள் ஒதுங்கியிருக்கும் இடத்துக்கு நேர் மேலே தரையிலிருந்து துளை போடுவது, அந்தத் துளை வழியாக ஆள் நிற்கும் அளவுக்கு ஓர் இரும்புக் குழாய்க் கூண்டை இறக்குவது, ஒவ்வொருவராக ஏற்றி இழுப்பது. துளையின் விட்டம் 22 அங்குலம். சராசரி மனிதனின் தோள் அகலத்தைவிடக் கொஞ்சம்தான் அதிகம். கூண்டைக் கடையில் வாங்க முடியாது. அக்கம்பக்கத்துப் பட்டறையில் இரும்புத் தகட்டை வளைத்து, வெல்டிங் வைத்து, அவசர அவசரமாகச் செய்தார்கள். இரண்டரை மீட்டர் உயரம். அதற்கு ‘கேப்சூல்’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. கில்லுக்கும்தான். கடைசிவரை நிலக்கரி வட்டாரத்தில் அவர் ‘கேப்சூல் கில்’.

கூண்டு தயாரானதும் அடுத்த கேள்வி வந்தது: முதலில் யார் இறங்குவது? காலியாக இறக்கினால் கீழே நெருக்கியடித்து ஏறப் பார்ப்பார்கள். மூன்று நாள் இருட்டிலும் பசியிலும் இருந்தவர்களிடம் வரிசையை எதிர்பார்க்க முடியாது. யாராவது ஒருவர் கீழே நின்று ஆட்களை ஒழுங்குபடுத்தி அனுப்ப வேண்டும். மேலதிகாரிகள் தயங்கினார்கள். ஐம்பது வயதை ஒட்டியிருந்த கில் தானே அந்தக் கூண்டுக்குள் நின்றுகொண்டார். நவம்பர் 15 நள்ளிரவை ஒட்டித் தொடங்கிய வேலை, 16 காலையில் முடிந்தது. காயம் பட்டவர்களையும் உடம்புக்கு முடியாதவர்களையும் முந்திக்கொள்ள விட்டு, 65 பேரையும் ஒவ்வொருவராக அனுப்பிவைத்துவிட்டு, அவர் கடைசியாக மேலே வந்தார். 1991-இல் அன்றைய குடியரசுத் தலைவர் ஆர். வெங்கட்ராமன் கில்லுக்கு ‘சர்வோத்தம் ஜீவன் ரக்ஷா பதக்’ விருதை வழங்கினார்.

இந்தச் சம்பவத்தை 2023-இல் ‘மிஷன் ராணிகஞ்ச்’ என்று இந்தியில் படமாக எடுத்தார்கள். சினிமாவுக்கு ஒரு நாயகன் போதும். ஆனால் சுரங்க மீட்பின் வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், அங்கே வீரம் என்பது ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு குதிப்பதாக ஒருபோதும் இருந்ததில்லை. குதித்தவர்கள் பெரும்பாலும் பிணமாகத்தான் வந்திருக்கிறார்கள். உயிரோடு ஆட்களைக் கொண்டுவந்தவர்கள் தண்ணீரின் உயரத்தையும் காற்றின் தன்மையையும் பாறையின் குணத்தையும் கணக்குப் போட்டுவிட்டு, அந்தக் கணக்கு தப்பினால் என்ன ஆகும் என்பதையும் தெரிந்துகொண்டு இறங்கியவர்கள். கில் இறங்கியதும் அப்படித்தான். மூன்று நாளாக அந்தத் துளையை அளந்தவர், அந்தக் கூண்டை வடிவமைத்தவர், அது எங்கே சிக்கும் என்று மற்ற எவரையும்விட நன்றாக அறிந்தவர் அவர்.

கூண்டு யோசனைக்கு ஒரு முன்கதை உண்டு. 1955 மே மாதம் ஜெர்மனியின் கெல்சன்கிர்ஷன் நகரில் டால்புஷ் என்ற நிலக்கரிச் சுரங்கத்தில் மூன்று பேர் சிக்கினார்கள். எபர்ஹார்ட் ஆவ் என்ற இளம் பொறியாளர், ஒல்லியான சுருட்டு வடிவத்தில் ஓர் இரும்புக் கூண்டைச் செய்யவைத்தார்; அதன் விட்டம் 40 சென்டிமீட்டர்கூட இல்லை. மூவரும் தப்பினார்கள். ஆவ் தன் கண்டுபிடிப்புக்குக் காப்புரிமை கேட்கவில்லை. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும், ஆட்கள் வெளியே வந்தால் சரி என்பது அவர் எண்ணம். 1963-இல் ஜெர்மனியின் லெங்கெடே இரும்புச் சுரங்கத்தில் 14 நாள் கழித்து 11 பேரை மீட்டதும் இதே வகைக் கூண்டுதான். 2010-இல் சிலி நாட்டின் சான் ஹோசே சுரங்கத்தில் 69 நாள் புதைந்து கிடந்த 33 பேரை ஏற்றி வந்த ‘பீனிக்ஸ்’ கூண்டும் இதன் வாரிசு. சிலி சுரங்கம் நிலக்கரியுடையதல்ல, செம்பும் தங்கமும் எடுக்கிற இடம். ஆனால் அங்கும் முதலில் இறங்கிய மீட்புப் பணியாளர் மனுவெல் கொன்சாலஸ்தான் கடைசியாக ஏறினார். 33 பேரும் உடன் இறங்கிய மற்ற மீட்பாளர்களும் போன பிறகு, அந்த ஆழத்தில் அவர் தனியாக நின்றிருந்தார்.

தண்ணீர் புகுந்த சுரங்கத்தில் ஆட்கள் எப்படி நாட்கணக்கில் பிழைத்திருக்கிறார்கள்? கவிழ்த்த டம்ளரைத் தண்ணீருக்குள் அமுக்கினால் உள்ளே காற்று தங்குமே, அதே கதைதான். சுரங்கப்பாதை மேல்நோக்கிச் சரிந்து, முனை மூடியிருந்தால், ஏறி வரும் தண்ணீர் அங்கிருக்கும் காற்றை அழுத்தும். அழுத்தம் ஏற ஏறத் தண்ணீர் ஓரிடத்தில் நின்றுவிடும். அந்தக் காற்றுப் பைக்குள் இருப்பவர்கள் பிழைப்பார்கள். ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது. அவர்களை எட்டுவதற்காக வெளியிலிருந்து ஒரு துளை போட்டால், அடைபட்ட காற்று அதன் வழியே வெளியே பீறிடும். காற்று போனால் தண்ணீர் ஏறும். காப்பாற்றப் போட்ட துளையே கொன்றுவிடும்.

1877 ஏப்ரலில் தெற்கு வேல்ஸின் டினெவித் சுரங்கத்தில் இதைத்தான் கண்ணால் பார்த்தார்கள். பக்கத்துப் பழைய சுரங்கத்தின் தண்ணீர் உடைத்துக்கொண்டு வர, 14 பேர் உள்ளே மாட்டினார்கள். தட்டும் ஓசையைக் கேட்டு ஒரு குழுவை நோக்கிக் கரிச் சுவரைக் குடைந்து போனபோது, சுவர் திறந்த கணத்தில் அடைபட்ட காற்று வெடித்துக் கிளம்பியது. திறப்புக்கு எதிரே இருந்த தொழிலாளியை அது அந்த ஓட்டைக்குள் அறைந்து கொன்றது. உடனிருந்த நான்கு பேர் தப்பினார்கள். இன்னும் ஐந்து பேர் மேலும் உள்ளே, ஏறக்குறைய 35 மீட்டர் கரிக்கு அப்பால் இருந்தார்கள். லண்டனிலிருந்து முக்குளிப்பவர்களை வரவழைத்துப் பார்த்தார்கள், பலிக்கவில்லை. பிறகு தொழிலாளிகளே முறைபோட்டு இரவும் பகலும் கரியை வெட்டினார்கள். கடைசிக் கட்டத்தில், காற்று பீறிடாதபடி பின்னால் இறுக்கமான கதவுகளைப் போட்டு, அழுத்தக் காற்றைச் செலுத்தி, அந்த அழுத்தத்துக்குள் தாங்களும் அடைபட்டுக்கொண்டு வெட்டினார்கள். சுவர் திறந்தால் முதல் ஆளுக்கு நேர்ந்தது தங்களுக்கும் நேரலாம் என்று ஒவ்வொருவருக்கும் தெரியும். பத்தாம் நாள் ஐவரும் உயிரோடு வந்தார்கள்.

அதுவரை பிரிட்டனில் ‘ஆல்பர்ட் பதக்கம்’ கடலில் உயிர் காத்தவர்களுக்கு மட்டுமே உரியதாக இருந்தது. டினெவித் கரி வெட்டிகளுக்காகவே அதை நிலத்துக்கும் விரித்தார்கள். நான்கு பேருக்கு முதல் வகுப்பு, 21 பேருக்கு இரண்டாம் வகுப்பு. சுரங்கத் தொழிலாளி என்றால் அழுக்கும் குடியும் வேலைநிறுத்தமும் என்று மட்டுமே நினைத்துவந்த ஒரு சமூகம், முதல் தடவையாக அவர்களைப் பதக்கத்துக்கு உரியவர்களாகப் பார்த்தது. 1907-இல் சுரங்கத்துக்கென்றே ‘எட்வர்ட் பதக்கம்’ தனியாக வந்தது.

அமெரிக்காவிலும் இதே போல. 1904 ஜனவரி 25 அன்று பென்சில்வேனியாவின் ஹார்விக் சுரங்கத்தில் வெடிப்பு நேர்ந்து 179 பேர் இறந்தார்கள். அந்தச் சுரங்கத்தை வடிவமைத்த பொறியாளர் செல்வின் டெய்லர் முதல் ஆளாக இறங்கினார். ஒரே ஒரு சிறுவனை உயிரோடு மீட்க முடிந்தது. டெய்லர் நச்சுக் காற்றில் விழுந்து இறந்தார். அடுத்த நாள் இறங்கிய டேனியல் லைல் என்ற தொழிலாளிக்கும் அதே முடிவு. பென்சில்வேனியாவில் இரும்பில் பணம் சேர்த்த ஆண்ட்ரூ கார்னெகி, அந்த இருவரின் குடும்பத்துக்கும் தனிப் பதக்கம் அடித்துக் கொடுத்துவிட்டு, சில மாதங்களில் 50 லட்சம் டாலரில் ‘கார்னெகி வீரர் நிதி’யைத் தொடங்கினார். அது இன்றும் நடக்கிறது.

டெய்லரையும் லைலையும் கொன்றது நெருப்பல்ல. வெடிப்புக்குப் பிறகு சுரங்கத்தில் மிஞ்சுகிற காற்று. அதில் கார்பன் மோனாக்சைடு இருக்கும். நிறமில்லை, மணமில்லை, மூச்சுத் திணறலும் முதலில் தெரியாது. கால் தள்ளாடும்போதுதான் உறைக்கும், அப்போது திரும்பி நடக்கத் தெம்பு இருக்காது. வெடிப்பில் இறந்ததாக எண்ணப்பட்டவர்களில் பெரும்பாலோர் இந்த வாயுவால்தான் இறந்தார்கள் என்று ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற உடலியலாளர் 1896-இல் நிறுவினார். சிறு உடம்பும் வேகமான மூச்சும் கொண்ட பிராணிகள் மனிதனுக்கு முன்பே மயங்கும் என்று சொன்னவரும் அவரே. அதன்பின் கேனரிக் குருவிகள் பிரிட்டிஷ் மீட்புக் குழுக்களோடு 1986 வரை சுரங்கத்துக்குள் போய்வந்தன. அவற்றை எடுத்துப்போன கூண்டுகளில் ஒரு வகையை மான்செஸ்டரின் அறிவியல், தொழில் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கிறார்கள். கண்ணாடிப் பெட்டி, முன்புறம் வட்டமான ஒரு கதவு, மேலே கைப்பிடி. அந்தக் கைப்பிடி உண்மையில் ஒரு குட்டி ஆக்சிஜன் சிலிண்டர். குருவி மயங்கி விழுந்ததும் கதவை மூடிவிட்டு வால்வைத் திறப்பார்கள். அது மறுபடி எழுந்து உட்காரும்.

மனிதர்களுக்குச் சுவாசக் கருவி வந்தது. முதுகில் ஆக்சிஜன், விடுகிற மூச்சிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்ச ஒரு ரசாயனப் பெட்டி, அதே காற்று சுற்றிச் சுற்றி வரும். பாரம் 15 கிலோ அளவுக்கு இருக்கும். போகப்போக உள்ளே இழுக்கும் காற்று சூடாகும். அதை மாட்டிக்கொண்டு குனிந்து, தவழ்ந்து, இடிந்த கூரைக்கு முட்டுக் கொடுத்து, ஸ்ட்ரெச்சரைத் தூக்கி நடக்க வேண்டும். மீட்புக் குழுவில் ஐந்து அல்லது ஆறு பேர் இருப்பார்கள். தனியாக யாரும் எங்கும் போகக் கூடாது. நல்ல காற்று இருக்கிற கடைசி இடத்தில் இன்னொரு குழு கருவியோடு தயாராகக் காத்திருக்கும். முதல் குழு திரும்பாவிட்டால் அவர்கள் போக வேண்டும். ஆக்சிஜன் யாருக்கு மிகக் குறைவாக இருக்கிறதோ, அவருடைய அளவை வைத்துத்தான் குழு மொத்தமும் திரும்பும் நேரத்தைத் தலைவர் முடிவு செய்வார். இன்னும் 20 மீட்டர் போனால் ஆள் இருக்கலாம் என்று தோன்றினாலும் திரும்பியாக வேண்டும். மூச்சுள்ளவரை முன்னேறுவதுதான் வீரம் என்று கதைகளில் படித்துப் பழகிய நமக்கு இது விளங்குவது கடினம். ஆனால் குறித்த நேரத்தில் திரும்பி வந்த குழுதான் மறுபடி உள்ளே போக முடியும்.

போவதா, வேண்டாமா? சுரங்க மீட்பில் இதைவிடக் கொடிய கேள்வி இல்லை.

பிரான்சின் கூர்யேரில் 1906 மார்ச் 10 அன்று கரித்தூள் வெடித்து 1,099 பேர் இறந்தார்கள். ஐரோப்பாவிலேயே பெரிய சுரங்க விபத்து அது. 35 ஆண்டுகளுக்கு முன்னால் பிரான்சோடு போர் புரிந்த ஜெர்மனியிலிருந்து, சுவாசக் கருவிகளோடு மீட்புக் குழு வந்து இறங்கியது. ஆனால் சில நாட்களிலேயே உள்ளே யாரும் உயிரோடு இருக்க வாய்ப்பில்லை என்று நிர்வாகம் முடிவுகட்டி, தேடுதலைக் கைவிட்டு, தீயை அணைக்கச் சுரங்கத்தின் பகுதிகளை அடைத்தது. மார்ச் 30 அன்று, இருபதாம் நாள், 13 பேர் தாங்களாகவே வழி கண்டுபிடித்துச் சுரங்கத்தின் வாயடிக்கு வந்து சேர்ந்தார்கள். குதிரை இறைச்சியையும் குதிரைக்கு வைத்திருந்த ஓட்ஸையும் மர முட்டின் பட்டையையும் தின்று பிழைத்திருந்தார்கள். சில நாள் கழித்து இன்னும் ஒருவர் வந்தார். எஞ்சியவர்களில் எத்தனை பேர் அதுவரை உயிரோடு இருந்திருப்பார்கள் என்ற கேள்வி அந்த மாவட்டத்தைக் கொந்தளிக்கவைத்தது. ஏற்கனவே நடந்துகொண்டிருந்த வேலைநிறுத்தம் முற்றி, ராணுவம் வந்தது.

நியூசிலாந்தின் பைக் ரிவரில் 2010 நவம்பர் 19 அன்று மீத்தேன் வெடித்தது. இரண்டு பேர் தட்டுத்தடுமாறி வெளியே வந்தார்கள். 29 பேர் வரவில்லை. மீட்புக் குழு வாசலில் கருவியோடு நின்றது. உள்ளே வாயுவின் அளவு தெரியாததால் இறங்க அனுமதி தரப்படவில்லை. குடும்பங்கள் கெஞ்சின, கோபப்பட்டன. பழைய காலத்தில் என்றால் பக்கத்துச் சுரங்கத்துக்காரர்கள் அனுமதி கேட்காமலே இறங்கியிருப்பார்கள் என்றும் பேச்சு எழுந்தது. ஐந்தாம் நாள் இரண்டாவது வெடிப்பு நேர்ந்தது. உள்ளே போயிருந்தால் அந்தக் குழுவும் மிஞ்சியிருக்காது. 29 பேரும் முதல் வெடிப்பிலோ அதை ஒட்டியோ இறந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்று 2012-இல் அரச விசாரணை ஆணையம் சொன்னது. அது தெரிந்த பின்னும், போகாமல் நின்றவர்களின் நெஞ்சில் அந்த ஐந்து நாள் என்னவாக இருக்கும் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. இறங்கியவருக்குப் பதக்கம் உண்டு. இறங்கத் துடித்து, கட்டளைக்குக் கட்டுப்பட்டு நின்றவருக்கு எதுவும் இல்லை.

போனவர்களின் கணக்கும் கண்முன் இருக்கிறது. 2007 ஆகஸ்டில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் கிராண்டால் கேன்யன் சுரங்கம் இடிந்து ஆறு பேர் புதைந்தார்கள். பத்து நாள் கழித்து அவர்களை நோக்கித் தோண்டிக்கொண்டிருந்தபோது சுவர் மறுபடி வெடித்துச் சரிந்து மூன்று மீட்பாளர்கள் இறந்தார்கள். அந்த ஆறு பேரின் உடல்கள் இன்றும் மலைக்குள்தான் இருக்கின்றன. 2021 நவம்பரில் சைபீரியாவின் லிஸ்த்வியாஷ்னயா சுரங்கத்தில் இறந்த 51 பேரில் ஐந்து பேர் மீட்புக் குழுவினர். இறந்துவிட்டதாக அறிவிக்கப்பட்ட இன்னொரு மீட்பாளர் மறுநாள் காலை தானே நடந்துவந்து சேர்ந்தார்.

கீழே காத்திருப்பவர்களின் துணிச்சலைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. 1958 அக்டோபர் 23 அன்று கனடாவின் ஸ்பிரிங்ஹில் சுரங்கத்தில் பூமிக்கடியில் பாறை அதிர்ந்து வெடித்தது. கோலார் தங்கவயலில் தலைமுறை தலைமுறையாக வேலை செய்த தமிழ்க் குடும்பங்களுக்கு இந்த விபத்து வகை புதிதல்ல; அங்கே இதை ‘ஏர் பிளாஸ்ட்’ என்பார்கள். ஸ்பிரிங்ஹில்லில் 174 பேர் உள்ளே இருந்தார்கள். 75 பேர் இறந்தார்கள். பக்கத்துச் சுரங்கங்களின் தொழிலாளிகள் கைக்கோடாலியோடும் மண்வாரியோடும் இறங்கி, நிமிர முடியாத பொந்துகளில் தவழ்ந்து தோண்டினார்கள். ஆறாம் நாள், உடைந்த ஒரு குழாயின் முனையிலிருந்து பேச்சுக் குரல் கேட்டது. 12 பேர் கிடைத்தார்கள். நவம்பர் 1 அன்று இன்னும் ஏழு பேர். அந்த எழுவரில் ஒருவர் மாரிஸ் ரடிக், கறுப்பினத்தவர். கால் உடைந்த நிலையிலும் பாட்டுப் பாடி மற்றவர்களை நம்பிக்கை இழக்காமல் வைத்திருந்தவர். தப்பியவர்களை அமெரிக்காவின் ஜார்ஜியா மாநில ஆளுநர் கடற்கரை ஓய்வுக்கு அழைத்தார். அவர்களில் ஒருவர் கறுப்பர் என்று தெரிந்ததும், அங்கிருந்த நிறவெறிச் சட்டப்படி அவர் தனியாகத்தான் தங்க வேண்டும் என்று நிபந்தனை போட்டார். நண்பர்களின் ஓய்வு கெடக் கூடாது என்று ரடிக் அதற்கு ஒப்புக்கொண்டார். எட்டு நாள் ஒரே இருட்டில் ஒரே தண்ணீரைப் பங்கு போட்டுக் குடித்தவர்களை, மேலே வந்த பிறகு பிரித்து வைத்தார்கள்.

2002 ஜூலையில் பென்சில்வேனியாவின் குவெக்ரீக் சுரங்கத்தில் தண்ணீர் புகுந்து ஒன்பது பேர் சிக்கினார்கள். மூழ்கினால் எல்லோருடைய உடலும் ஒன்றாகக் கிடைக்கட்டும் என்று ஒருவரோடு ஒருவர் தங்களைக் கட்டிக்கொண்டார்கள். வீட்டுக்குக் கடிதம் எழுதிச் சாப்பாட்டு டப்பாவில் போட்டு மூடினார்கள். மேலே இருந்தவர்கள் வரைபடத்தை வைத்து அவர்கள் எங்கே ஒதுங்கியிருப்பார்கள் என்று ஊகித்து, முதலில் ஒரு சிறு துளை போட்டார்கள். அது சரியான இடத்தில் போய் இறங்கியது. துளையிடும் தண்டில் ஒன்பது தட்டல்கள் கேட்டன. உடனே அந்தத் துளை வழியாகச் சூடாக்கிய அழுத்தக் காற்றைச் செலுத்தித் தண்ணீரை ஏறவிடாமல் பிடித்துவைத்தார்கள். டினெவித்தில் 1877-இல் கற்ற பாடம் இங்கே கைகொடுத்தது. பெரிய துளையைப் போடும் முனை நடுவில் உடைந்து மாட்டிக்கொண்டு பல மணி நேரத்தைத் தின்றது. இருந்தும் 77 மணி நேரத்தில் ஒன்பது பேரும் கூண்டில் மேலே வந்தார்கள்.

சீனாவின் ஷான்சி மாகாணத்தில் வாங்ஜியாலிங் சுரங்கம், 2010 மார்ச் 28. தண்ணீர் புகுந்தபோது 153 பேர் சிக்கினார்கள். இடுப்பு பெல்ட்டால் சுவரில் தங்களைத் தொங்கவிட்டுக்கொண்டு, முட்டு மரத்தின் பட்டையை மென்று, எட்டு நாள் தாக்குப்பிடித்த 115 பேர் ஏப்ரல் 5 அன்று மீட்கப்பட்டார்கள். அதற்கு மூன்று நாள் முன்பு துளைக் குழாயில் கேட்ட தட்டல்தான் மேலே இருந்தவர்களை விடாமல் தோண்டவைத்தது. 38 பேர் திரும்பவில்லை.

இந்த விபத்துகளை வரிசையாக வைத்தால் ஒரே குற்றவாளி திரும்பத் திரும்ப வருவதைக் காணலாம். டினெவித் 1877, ஜார்க்கண்டின் சாஸ்னாலா 1975, மகாபீர் 1989, குவெக்ரீக் 2002, சிங்கரேணி நிலக்கரி நிறுவனத்தின் கோதாவரிகனி 2003, வாங்ஜியாலிங் 2010. எல்லாவற்றிலும் தேங்கிய தண்ணீர்தான் உடைத்துக்கொண்டு வந்தது. பெரும்பாலும் அருகே கைவிடப்பட்ட பழைய சுரங்கத்தின் தண்ணீர். சாஸ்னாலாவில் டிசம்பர் 27 அன்று 375 பேரை அது விழுங்கியது. அங்கே கேப்சூலுக்கும் வேலையில்லை, கில்லுக்கும் வேலையில்லை. மீட்பதற்கு உயிரோடு எவரும் இல்லை. கோதாவரிகனியில் 17 பேர். குவெக்ரீக்கில் பக்கத்துச் சுரங்கத்தின் கடைசி வரைபடம் உரிய இடத்தில் இல்லாததால், தடுப்பு இன்னும் வெகு தூரத்தில் இருப்பதாக நினைத்து வெட்டிக்கொண்டே போனார்கள். வாங்ஜியாலிங்கில் தண்ணீர் கசிவதைத் தொழிலாளிகள் பார்த்தும் நிர்வாகம் வேலையை நிறுத்தவில்லை என்று விசாரணை சொன்னது. பழைய சுரங்கத்தின் எல்லையைச் சரியாக வரைந்து வைப்பதும், அதை நெருங்கும்போது முன்கூட்டியே சிறு துளை போட்டுத் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பதும் பல நாட்டுச் சுரங்கச் சட்டங்களிலும் எழுதப்பட்ட விதிகள். ஒரு சர்வேயர் ஒழுங்காக வேலை செய்து, அவர் சொல்லை ஒரு மேலாளர் கேட்டிருந்தால், எந்தப் பொறியாளரும் 22 அங்குலத் துளைக்குள் இறங்க வேண்டியிருந்திருக்காது.

இந்தியாவில் சுரங்க மீட்பு விதிகள் 1985-இலேயே வந்துவிட்டன. எத்தனை தொழிலாளிகளுக்கு எத்தனை பேர் மீட்புப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும், மீட்பு நிலையத்தில் என்னென்ன கருவி இருக்க வேண்டும் என்றெல்லாம் அவை விரிவாகச் சொல்கின்றன. கோல் இந்தியாவிலும் சிங்கரேணியிலும் பயிற்சி பெற்ற நல்ல குழுக்கள் இருக்கின்றன; மற்ற நாட்களில் அவர்களில் பலர் கரி வெட்டுகிற, முட்டுக் கொடுக்கிற சாதாரணத் தொழிலாளிகளே. ஆனால் இந்த விதிகள் எல்லாம் பதிவு பெற்ற சுரங்கத்துக்கு. பதிவே இல்லாத சுரங்கத்தில்?

மேகாலயாவின் கிழக்கு ஜெயந்தியா மலையில், க்சான் என்ற இடத்தில், 2018 டிசம்பர் 13 அன்று தண்ணீர் புகுந்தது. 2014-இலேயே தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை செய்த எலி வளைச் சுரங்கம் அது. ஏறக்குறைய 370 அடி ஆழச் செங்குத்துக் குழி. அதன் அடியிலிருந்து பக்கவாட்டில் ஆள் தவழ்ந்து மட்டுமே போகக்கூடிய பொந்துகள். 15 பேர் உள்ளே. வரைபடம் கிடையாது, எந்தப் பொந்து எங்கே போகிறது என்பது அதில் வேலை செய்தவர்களுக்கு மட்டுமே தெரியும், அவர்களோ உள்ளே. தேசியப் பேரிடர் மீட்புப் படை வந்தது. தண்ணீர் மட்டம் இறங்காமல் முக்குளிக்க முடியாது. அந்தத் தண்ணீருக்குள் எதுவும் கண்ணுக்குத் தெரியவும் இல்லை. அதிகத் திறனுள்ள பம்புகளை விமானப்படை கொண்டுவந்து சேர்க்கும்போது இரண்டு வாரம் ஓடியிருந்தது. கடற்படை முக்குளிப்பவர்கள் தண்ணீருக்கடியில் ஓட்டும் ஒரு கருவியைக் கொண்டு தேடி, இரண்டு உடல்களை மீட்டார்கள். மற்ற 13 பேர் அந்தக் குழிக்குள்ளேயே இருக்கிறார்கள். அதே ஆண்டு ஜூலையில் தாய்லாந்துக் குகையில் 12 சிறுவர்களும் அவர்களின் பயிற்சியாளரும் மீட்கப்பட்டதை நம் தொலைக்காட்சிகள் நாள் முழுவதும் காட்டின. க்சானுக்கு அந்த வெளிச்சத்தில் பாதிகூடக் கிடைக்கவில்லை. மீட்பவரிடம் துணிச்சல் குறைவாக இருந்ததால் அவர்கள் சாகவில்லை. பம்பு தாமதமாக வந்தது, வரைபடம் இல்லை, அவர்கள் கீழே இருப்பதே சட்டத்தின் கண்ணில் இல்லை.

ஐந்து ஆண்டுகள் கழித்து அதே எலி வளை வேலை உயிர்களைக் காப்பாற்றியது. 2023 நவம்பர் 12 அன்று உத்தரகாசியின் சில்க்யாரா சாலைச் சுரங்கப்பாதை இடிந்து 41 பேர் உள்ளே அடைபட்டார்கள். அமெரிக்கத் துளை இயந்திரம் ஏறக்குறைய 47 மீட்டர் போனதும் இடிபாட்டின் இரும்பில் சிக்கி முறிந்தது. மிச்சம் பத்துப் பன்னிரண்டு மீட்டர். எலி வளை வேலை தெரிந்த 12 தொழிலாளிகளை வரவழைத்தார்கள். 800 மில்லிமீட்டர் குழாய்க்குள் ஒருவர் உளியால் கொத்துவார், ஒருவர் கற்களை அள்ளுவார், ஒருவர் அதைத் தள்ளுவண்டியில் ஏற்றி வெளியே இழுக்கக் கொடுப்பார். ஒரு நாளுக்குக் கொஞ்சம் அதிகமான நேரத்தில் முடித்துவிட்டார்கள். நவம்பர் 28 இரவு 41 பேரும் வெளியே வந்தார்கள். மாநில அரசு அந்த 12 பேருக்கும் ஆளுக்கு 50,000 ரூபாய் கொடுத்தது. மூன்று மாதம் கழித்து, அவர்களில் ஒருவருடைய டெல்லி வீடு ஆக்கிரமிப்பு என்று சொல்லி இடிக்கப்பட்டது. 1877-இல் டினெவித் கரி வெட்டிகளுக்காக ஒரு பேரரசு தன் பதக்க விதியையே மாற்றியது. இந்த 12 பேரில் ஒருவர் தன் வீட்டுக் கூரையையே இழக்க வேண்டியிருந்தது நியாயமே இல்லை.

தடை செய்யப்பட்ட ஒரு தொழிலின் திறமையைப் பாராட்டினால் அந்தத் தொழிலையே பாராட்டுவதாகிவிடுமே என்று கேட்கலாம். இரண்டும் வேறு. அந்தக் கைகளுக்கு அந்தப் பழக்கம் வந்ததே, அவர்களுக்கு வேறு வேலை கொடுக்காததால். அவர்களை முறையான மீட்புக் குழுக்களில் சேர்த்து, பயிற்சியும் சம்பளமும் காப்பீடும் கொடுப்பது கஷ்டமான காரியமல்ல. குறுகிய இடத்தில் கைவேலையாகக் குடைவதற்கு இவர்களைவிடத் தேர்ந்தவர்கள் இந்த நாட்டில் இல்லை என்பதை 2023 நவம்பரில் எல்லோரும் பார்த்தோம்.

2025 ஜனவரி 6 அன்று அசாமின் திமா ஹசாவ் மாவட்டத்து உம்ராங்சோவில் இன்னொரு எலி வளைச் சுரங்கத்தில் தண்ணீர் புகுந்தது. ஒன்பது பேர். மறுபடியும் பேரிடர்ப் படை, ராணுவம், கடற்படை முக்குளிப்பவர்கள். முதல் வாரத்தில் நான்கு உடல்கள் கிடைத்தன. தண்ணீரை இறைத்து முடித்து மற்ற ஐந்து பேரை வெளியே எடுக்க பிப்ரவரி நடுப்பகுதி தாண்டிவிட்டது. இறங்கியவர்கள் யாரும் பின்வாங்கவில்லை. ஆனால் க்சானுக்கும் உம்ராங்சோவுக்கும் நடுவே கிடைத்த ஆறு ஆண்டில், அந்த மலைகளில் எங்கெங்கே குழிகள் இருக்கின்றன, எதெதில் தண்ணீர் நிற்கிறது என்ற முழுமையான வரைபடத்தை வரைந்து, அதிகத் திறனுள்ள பம்புகளை ஒரு நாள் பயணத் தொலைவில் நிறுத்தி வைத்திருக்க முடியும். அதற்கு யாரும் உயிரைப் பணயம் வைக்க வேண்டியதில்லை. ஒரு மாவட்ட அலுவலகமும் ஒரு சர்வே குழுவும் தங்கள் வேலையைச் செய்தால் போதும்.